கோ மொழி: கம்பைலர் தடுக்காத தவறுகள்

கோ (Go) நிரலாக்க மொழியில் புதிதாக எழுதுபவர்களின் நிரலை ரிவ்யூ செய்யும்போதெல்லாம், அனுபவசாலிகள் ஒரு காலத்தில் விழுந்து எழுந்த அதே குழிகள்தான் கண்ணில் படுகின்றன. பயன்படுத்தாத மாறி, தேவையில்லாத இம்போர்ட் எல்லாம் கம்பைலரே பிடித்துவிடும். அவை இங்கே வேண்டாம். டெஸ்டிலும் தேறிவிட்டு, பிறகு தவறான விடை தருபவைதான் ஆபத்து.

வெட்டிய ஸ்லைஸைத் தனி நகல் என்று நம்புவது

அ என்ற ஸ்லைஸில் (கோவின் பட்டியல் வகை) 1, 2, 3, 4 இருக்கின்றன. ஆ := அ[:2] என்று வெட்டி, ஆ-வின் கடைசியில் 99-ஐச் சேருங்கள், அதாவது அப்பெண்ட் செய்யுங்கள். ஆ-வில் 1, 2, 99 இருக்கும், அது சரிதான். அ-வை அச்சிட்டுப் பாருங்கள்: 1, 2, 99, 4. யாரும் தொடாத 3 காணாமல் போயிருக்கும்.

ஸ்லைஸ் என்பது ஒரு அரேயைச் சுட்டும் பாயிண்டர், நீளம், கப்பாசிட்டி (அரேயில் அதற்குக் கிடைக்கும் மொத்த இடம்) மூன்றும்தான். வெட்டும்போது இந்த மூன்று மட்டுமே புதிதாகின்றன; அரே பழையதே. ஆ-வின் நீளம் 2, கப்பாசிட்டியோ 4. இடம் மிச்சமிருப்பதால் அப்பெண்ட் அங்கேயே எழுதிவிடுகிறது. 99-க்குப் பதில் மூன்று எண்களைச் சேர்த்தால் இடம் போதாது. புதிய அரே உருவாகும், அ தப்பிக்கும். ஒரே வரி, தரவின் அளவைப் பொறுத்து இரண்டு விதமாக நடக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் குறையாத இடம் இது.

மரத்தில் வேரிலிருந்து இலைவரை பாதைகளைத் திரட்டும் ரிகர்ஷனில் இது அடிக்கடி வரும். ஒவ்வொரு கிளைக்கும் பாதையோடு ஒரு நோடை அப்பெண்ட் செய்து அனுப்புவார்கள். வெறும் ஸ்லைஸில் ஒவ்வொன்றாகச் சேர்த்தால் கப்பாசிட்டி வழக்கமாக 1, 2, 4, 8 என வளரும். மூன்று நோடு பாதைகள் வரை விடை சரியாக வரும். நான்காவதில் ஓர் இடம் காலியாக இருப்பதால், இரண்டாவது கிளை முதல் கிளையின் நோடை அழித்துவிடும். டெஸ்டில் சின்ன மரத்தைக் கொடுத்திருந்தால் எல்லாம் பச்சை. ஒரே கோரூட்டினில் (கோவின் இழை போன்ற இயக்க அலகு) நடப்பதால், இணை இயக்க மோதல்களைக் கண்டுபிடிக்கும் ரேஸ் டிடெக்டரும் வாய் திறக்காது.

திருத்தம் எளிது. கோ 1.21 முதல் இருக்கும் ஸ்லைஸஸ்.க்ளோன் கொண்டு நகலெடுத்துவிட்டு அப்பெண்ட் செய்யுங்கள். அல்லது அ[:2:2] என மூன்றாவது எண்ணால் கப்பாசிட்டியை அடைத்துவிடுங்கள். அடுத்த அப்பெண்ட் புதிய அரேக்குப் போயே ஆக வேண்டும். ஆனால் அதற்கு முன்பே ஆ[0]-வை மாற்றினால் அ-வும் மாறும். அதற்கு நகலெடுப்பது ஒன்றே வழி.

நில் மேப்பில் எழுதுவது

நில் என்பது எதையும் சுட்டாத வெற்று மதிப்பு. மேப் (கீ-மதிப்பு ஜோடிகளின் தொகுப்பு) உருவாக்கப்படாமல் நில்லாக இருந்தாலும் படிக்கலாம். எழுதினால் பேனிக், அதாவது ஓடும்போதே நிரல் முறியும்.

நில் பாயிண்டரை எரராகத் திருப்பி அனுப்புவது

கோவில் எரர் ஒரு இன்டர்ஃபேஸ்; அதற்குள் வகையும் மதிப்பும் சேர்ந்தே இருக்கும். சொந்த எரர் வகையின் பாயிண்டர் நில்லாக இருந்தாலும், அதை எரர் என்று திருப்பினால் வகை உள்ளே ஒட்டிக்கொள்ளும். நில்லா என்ற சோதனை இல்லை என்றே சொல்லும். பிழை இல்லாத வழியில் நேரடியாக நில் என்றே எழுதித் திருப்புங்கள்.

மேப்பின் வரிசையை நம்புவது

கூடாது. கீகளை எடுத்து வரிசைப்படுத்துங்கள்.

லூப் மாறிச் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று விடுவது

முன்பு லூப்பின் எல்லாச் சுற்றுகளும் ஒரே மாறியைப் பகிர்ந்ததுதான் சிக்கல். 2024-இல் வந்த கோ 1.22 முதல் ஒவ்வொரு சுற்றுக்கும் லூப் மாறி புதிது. ஆனால் இதை முடிவு செய்வது நிறுவிய கம்பைலரின் பதிப்பு அல்ல, ப்ராஜெக்டின் கோ.மாட் (go.mod) கோப்பில் கோ பதிப்பைச் சொல்லும் வரி. அங்கே 1.21 என்று இருந்தால் புதிய கம்பைலரும் பழைய முறையில்தான் நடக்கும். பழைய ப்ராஜெக்டைக் கையில் எடுத்தால் முதலில் அந்த வரியைப் பாருங்கள்.