திரையில் பயிற்சியாளர், கூடத்தில் அப்பா: பார்க்கின்சன் வீட்டுப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து பார்க்கின்சன் (உடலசைவை மெல்ல மெல்ல முடக்கும் நரம்பு நோய்) நோயாளி ஒருவரைப் பிசியோதெரபிக்காக ஈப்போவுக்கு அழைத்துப் போனால் வீட்டில் யாராவது ஒருவருக்கு ஒரு நாள் சம்பளம் போய்விடும். வாரம் மூன்று முறை என்றால் எந்தக் குடும்பமும் தாங்காது. கைபேசியில் பயிற்சியாளர் பார்த்துக்கொண்டிருக்க, நோயாளி தன் வீட்டுக் கூடத்திலேயே பயிற்சி செய்யும் முறை இங்கே நன்றாகப் பொருந்துகிறது. ஒப்புக்குச் செய்யும் ஏற்பாடு என்று அதைத் தள்ளிவிட வேண்டாம். நெதர்லாந்தில் நடந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில், நோய் முற்றாத 130 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பாதியினர் வீட்டிலேயே நிலைமிதிவண்டியை வாரம் மூன்று முறை, 30 முதல் 45 நிமிடம் மிதித்தார்கள். மறுபாதியினர் கைகால் நீட்டும் பயிற்சி செய்தார்கள். இரு தரப்பையும் தொலைவிலிருந்தே கண்காணித்தார்கள். ஆறு மாதம் கழித்து, பார்க்கின்சன் மாத்திரையின் வீரியம் இல்லாத நேரத்தில் அளந்து பார்த்தபோது, மிதித்தவர்களின் உடலசைவு மற்றவர்களுடையதைவிடக் குறைவாகவே மோசமாகியிருந்தது.

திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவரால் பார்க்க முடியும், சொல்ல முடியும். விழுபவரைப் பிடிக்க முடியாது. வீட்டில் இருப்பவர்கள் இதை மறக்கும்போதுதான் கோளாறு தொடங்குகிறது.

எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் தவறு, வகுப்பு நேரத்தைத் தேர்வதில் செய்வது. கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் பிள்ளைக்கு வசதிப்படும் என்று இரவு எட்டரைக்கு வகுப்பை வைக்கிறார்கள். அப்போது அப்பாவுக்கு மாலை மாத்திரையின் வேகம் இறங்கிக்கொண்டிருக்கும். எழுந்து நிற்பதே பெரும்பாடாக இருக்கும். "அப்பா ஒத்துழைக்க மாட்டேன் என்கிறார்" என்று பிள்ளைகள் குறைப்பட்டுக்கொள்வார்கள். இந்நோய்க்கு முக்கியமாகக் கொடுக்கப்படும் லெவோடோபா மாத்திரை பலருக்கு உட்கொண்டு ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் நன்றாக வேலை செய்யும்; பயிற்சி அந்த வேளையில் அமைய வேண்டும். காலையில் பசியாறும்போது முட்டையும் நெத்திலியும் வைத்த நாசி லெமாக்கோடு சேர்த்து மாத்திரையை விழுங்கினால், உணவிலுள்ள புரதம் மருந்து உடலில் சேர்வதைத் தாமதப்படுத்தக்கூடும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு அல்லது ஒரு மணி நேரம் கழித்து என்பது வழக்கமான அறிவுரை. குமட்டல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். மாத்திரை போட்ட நேரத்தையும் உடல் இலகுவாக இருந்த நேரத்தையும் ஒரு வாரம் சுவர் நாள்காட்டியில் குறித்துப் பயிற்சியாளருக்கு அனுப்புங்கள். வகுப்பு நேரத்தை அதை வைத்து முடிவு செய்யட்டும். பிள்ளை இரவில் பதிவைப் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது கைபேசியை வைக்கும் இடம். தொலைக்காட்சி மேசையில் சாய்த்து வைத்தால் நெஞ்சுக்கு மேல்தான் தெரியும். பார்க்கின்சனில் பார்க்க வேண்டியதோ கால்: அடி சுருங்குகிறதா, குதிகால் தரையில் படுகிறதா, திரும்பும்போது பாதம் தடுமாறுகிறதா. கைபேசியை இடுப்பு உயரத்தில், தலை முதல் பாதம் வரை தெரியும் தொலைவில் வையுங்கள். நடைப் பயிற்சிக்குப் பக்கவாட்டில் வைப்பது நல்லது. முகத்தை நம்பிவிடவும் கூடாது. இந்நோயில் முகத்தசைகள் இறுகி, உணர்ச்சி வெளியே தெரியாமல் போகும், குரலும் தணிந்துவிடும். தலை சுற்றினாலும் முழங்கால் வலித்தாலும் திரையில் அதே அமைதியான முகம்தான். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும், சிரமம் பத்துக்கு எத்தனை என்று வாய்விட்டுக் கேட்டு, பதிலைப் பயிற்சியாளருக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டும்.

பயிற்சியாளர் மலாயில் பேச, பேரப்பிள்ளை உடனுக்குடன் தமிழில் மொழிபெயர்க்க, தாத்தா நடந்துகொண்டே இரண்டையும் கேட்பார். நடையிலும் பேச்சிலும் ஒரே நேரத்தில் கவனம் வைப்பது இவர்களுக்குக் கடினம். அடி இன்னும் குறுகும். விளக்கத்தை உட்கார்ந்திருக்கும்போதே முடித்துவிடுங்கள். நடக்கும்போது "பெரிய அடி" என்பது போல ஒரே கட்டளை போதும்.

"பாவம், வயதானவர், லேசாகச் செய்யட்டும்" என்ற கரிசனம் அடுத்த தவறு. முப்பது வருடம் பால்மரம் சீவியவருக்குத் தனியாக உடற்பயிற்சி எதற்கு என்றும் கேட்கிறார்கள். அன்று உழைத்தது இன்றைய தசைக்கு உதவாது. வாரம் 150 நிமிடம், மிதமானது முதல் கடுமையானது வரை என்பதே பொதுவான பரிந்துரை. மூச்சு வாங்க வேண்டும், ஆனாலும் சிறு வாக்கியம் பேச முடிய வேண்டும். கைக்கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பை மட்டும் பார்க்காதீர்கள்; பீட்டா தடுப்பான் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து) மாத்திரை உட்கொள்பவருக்கு அது முழுதாக ஏறாது. கடுமையான பயிற்சியைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் இதயத்தைப் பரிசோதித்துக்கொள்வது அவசியம்.

கதவு வாசலில் கால் உறைந்து நின்றவுடன் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்து இழுப்பார். இது நேரே விழவைக்கும். இழுக்காமல் நிறுத்துங்கள். உடல் எடையை இரு கால்களிலும் மாறிமாறிச் சாய்க்கச் சொல்லி, பிறகு ஒரு பெரிய அடி எடுக்கச் சொல்லுங்கள். சிமென்ட் தரையில் குறுக்கே நிற நாடா ஒட்டி, அதைத் தாண்டச் சொன்னால் பலருக்குக் கால் நகரும்.

சிலிப்பரோடு பயிற்சி வேண்டாம். பின்பக்கம் மூடிய காலணி போடட்டும். தகரக் கூரை வீடுகளில் நண்பகலைத் தவிர்த்துவிடுங்கள். இந்நோயும் அதன் மருந்துகளும் எழும்போது இரத்த அழுத்தத்தைச் சரியச் செய்யக்கூடும். வெயிலில் வியர்த்துத் தண்ணீரும் குறைந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். உட்கார்ந்து எழும்போது சிறிது நின்று, பிறகு நடக்கட்டும்.

இணைப்பு அறுந்தால் என்ன செய்வது என்று முன்பே பேசிக்கொள்வதே இல்லை. மழை பெய்தால் அலை போய்விடும் இடங்கள் இங்கே உண்டு. படம் நின்றதும் நோயாளி நாற்காலியில் உட்கார வேண்டும். திரும்பவும் இணையும் வரை நின்றபடி செய்யும் எதுவும் கூடாது. வீட்டில் பெரியவர் ஒருவராவது கூடத்திலேயே இருக்க வேண்டும். அவருடைய தொலைபேசி எண்ணும் வீட்டு முகவரியும் பயிற்சியாளரிடம் இருக்க வேண்டும். தோட்டத்து வீடு என்றால் வீட்டு எண் மட்டும் போதாது. 999இல் வரும் ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு எந்தக் கோயிலைத் தாண்டி, எந்தச் செம்மண் பாதையில் திரும்ப வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுங்கள்.