கப்பைக் கிராமாக மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தர்மபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் 2023இல் தொடங்கியது. கடையில் கிலோவாக வாங்கும் கேழ்வரகை வீட்டில் ஆழாக்கிலோ டம்ளரிலோதான் அளக்கிறோம். களிக்கும் அடைக்கும் அளவு பிசகுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

முதல் தவறு, 240 மில்லிலிட்டர் கப் என்றால் 240 கிராம் என்று எண்ணுவது. அந்தக் கணக்கு தண்ணீருக்கு மட்டுமே சரி. அதே கப்பில் சர்க்கரை சுமார் 200 கிராமும், மைதா சுமார் 120 கிராமும்தான் பிடிக்கும். கப் கணக்கில் எழுதிய களிக்குறிப்பை இப்படி மாற்றி, கப்புக்கு 240 கிராம் ராகி மாவைக் கொட்டினால், மாவு ஏறக்குறைய இருமடங்காகிவிடும்; பிறகு துடுப்பே அசையாது.

தானியத்துக்கும் மாவுக்கும் ஒரே எண்ணைப் பயன்படுத்துவது இதைவிட அதிகம் ஏமாற்றுகிற தவறு. 2 கிலோ கேழ்வரகு முழுத் தானியமாக ஏறத்தாழ 11 கப் வரும். அதையே மில்லில் அரைத்து, அழுத்தாமல் அளந்தால் 16 கப்பை எட்டும். எடை ஏறக்குறைய அதேதான், துகள்களுக்கிடையே காற்று புகுந்ததால் மாவு கூடுதல் இடத்தைப் பிடிக்கிறது. அந்த மாவும் ஒரே நிலையில் இருப்பதில்லை. மில்லிலிருந்து சூடாக வந்த மாவு பொலபொலவென்று இருக்கும். டப்பாவில் அடைத்துத் தட்டி வைத்தால் நாளடைவில் அடியில் இறுகிவிடும். கரண்டியால் மெதுவாக இட்டு நிரப்பிய கப் 120 கிராம் காட்டினால், டப்பாவுக்குள் கப்பையே விட்டு அழுத்தி அள்ளியது 140 கிராம் வரை காட்டக்கூடும். நான்கு கப் மாவில் இந்த வேறுபாடு 80 கிராம். ஆகவே மாவை எப்படி அள்ளினோம் என்பதைக் குறிக்காத மாற்று அட்டவணையை நான் நம்புவதில்லை.

எந்தக் கப் என்று பாராமல் விடுவதும் தவறே. அரிசி குக்கரோடு வரும் கப் பெரும்பாலும் 180 மில்லிலிட்டர். கடையில் வாங்கும் அளவுக் கப் 240 அல்லது 250. எட்டு ஆழாக்கு ஒரு படி என்பது மாறாவிட்டாலும், படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் வேறுபட்டதால், பென்னாகரத்துப் பாட்டி சொன்ன படியும் தேன்கனிக்கோட்டைப் படியும் ஒன்றென்று கொள்ள முடியாது. காலிப் பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினால், தராசு காட்டும் கிராமே அதன் மில்லிலிட்டர். ஈரம் போகத் துடைத்து, அதே பாத்திரத்தில் மாவை மூன்று முறை தனித்தனியாக நிரப்பி நிறுத்துச் சராசரி எடுத்தால், உங்கள் வீட்டு எண் கிடைத்துவிடும். அதை டப்பாவின் மேல் எழுதி ஒட்டலாம்.

உப்பு, சோடா உப்பு போன்றவற்றை மட்டும் கரண்டியிலேயே விட்டுவிடுவது நல்லது, ஏனெனில் ஒரு கிராம் படிநிலையுள்ள சமையலறைத் தராசு அரை டீஸ்பூனைச் சரியாகக் காட்டாது. அதிலும் ஒரு டீஸ்பூன் தூள் உப்பு சுமார் 6 கிராம் என்ற எண்ணைக் கல் உப்புக்குப் பொருத்தக் கூடாது. நம் ஊர்ப் புளியையோ கப்பில் அளக்கவே வேண்டாம். கொட்டையும் நாரும் நீக்கிய பிறகு நிறுப்பதே சரி.