சவ்வுப் புரதப் படிகம்: ஏர்கான் அறையில் மோனோஒலீனைத் தெளிவாக வைத்திருப்பது எப்படி?

சவ்வுப் புரதத்தை (செல்லின் சவ்வில் பதிந்திருக்கும் புரதம்) சுத்திகரித்து, டிடர்ஜென்டில் (அதை நீரில் கரைந்திருக்க வைக்கும் சோப்பு போன்ற பொருள்) நிலையாக வைத்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். செறிவு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நல்லது. அடுத்த கட்டம், அதன் வடிவத்தை எக்ஸ்-கதிரால் பார்ப்பதற்காகப் படிகமாக்குவது. அதற்கு 1996-இல் லாண்டோவும் ரோசன்புஷும் அறிமுகப்படுத்திய லிப்பிட் கனசதுர நிலை முறையையே நான் பரிந்துரைப்பேன். இதில் மோனோஒலீன் என்ற லிப்பிடும் (கொழுப்புப் பொருள்) நீரும் சேர்ந்து முப்பரிமாண வலை போன்ற படலமாகின்றன, அதுதான் கனசதுர நிலை. புரதம் அந்தப் படலத்துக்குள் இருந்தபடியே படிகமாகிறது. பாக்டீரியோரொடாப்சின் என்ற சவ்வுப் புரதத்தை 1999-இல் 1.55 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் பார்த்தபோது, புரதத்தை ஒட்டியிருந்த லிப்பிட் வால்களும் சேர்ந்து தெரிந்தது இந்த வழியில்தான்.

படி 1: மோனோஒலீனை 40 டிகிரியில் உருக்குங்கள். 100 மைக்ரோலிட்டர் கண்ணாடி சிரிஞ்சில் 30 மில்லிகிராம், மற்றொன்றில் 20 மைக்ரோலிட்டர் புரதக் கரைசல். காற்றுக் குமிழ்களை வெளியேற்றிவிட்டு இரண்டையும் இணைப்பானால் பூட்டுங்கள்.

படி 2: தண்டுகளை மாறி மாறித் தள்ளுங்கள். வேகம் வேண்டாம், உராய்வுச் சூடு புரதத்தைக் கெடுக்கும். முதலில் பால் போல இருக்கும் கலவை, கொஞ்ச நேரத்தில் கண்ணாடி போலத் தெளிய வேண்டும். தெளியவில்லையா? நீர் கூடியிருக்கலாம், கொஞ்சம் மோனோஒலீன் சேர்த்துப் பாருங்கள். அப்போதும் கலங்கியே இருந்தால் டிடர்ஜென்ட் அதிகமா என்று சோதியுங்கள்.

நம் சிங்கப்பூரில் பலர் மாட்டிக்கொள்வது இதற்குப் பிறகுதான். வெளியே வெயில் கொளுத்தினாலும் ஆய்வுக்கூட ஏர்கான் ஸ்வெட்டர் போட வைக்கும். மோனோஒலீனுக்கு அந்தக் குளிர் ஆகாது. சுமார் 18 டிகிரிக்குக் கீழே போனால் அது வெள்ளையாக உறைந்த நிலைக்குப் போகும். ஆனால் உடனே போகாது. சில மணி நேரமோ சில நாளோ தெளிவாகவே இருந்துவிட்டு, திடீரென்று வெளுக்கும். அதனால் பழி புரதத்தின் மேல் விழுகிறது. எங்கள் அறையில் ஒரு வெப்பமானியைப் படிகம் வளரும் தட்டுகளின் பக்கத்திலேயே வைத்த பிறகுதான் இது பிடிபட்டது. அறையை 20 முதல் 22 டிகிரிக்குள் வையுங்கள். அது முடியாவிட்டால் 7.9 எம்ஏஜி என்ற குறுகிய வால் கொண்ட லிப்பிடுக்கு மாறலாம், அது குளிரைத் தாங்கும்.

சோதிக்கும் வழி எளிது. நுண்ணோக்கியில் குறுக்குத் துருவமாக்கிகளை வைத்துப் பாருங்கள். கனசதுர நிலை இருட்டாகத் தெரிய வேண்டும், மின்னினால் நிலை மாறிவிட்டது.

படி 3: கண்ணாடித் தட்டில் 50 நானோலிட்டர் கலவை, மேலே 800 நானோலிட்டர் வீழ்படிவுக் கரைசல் (புரதத்தைப் படிகமாகத் தூண்டும் கரைசல்), உடனே மூடி. ஏர்கான் காற்று இவ்வளவு சிறிய துளியைச் சீக்கிரம் உலர்த்திவிடும். ரோபோ இருந்தாலும் முதலில் கையால் பழகுங்கள் என்பேன், கலவையின் இறுக்கம் விரலுக்குத் தெரிய வேண்டும்.

படி 4: படிகத்தைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்து, தைவானின் சின்சுவிலோ ஆஸ்திரேலியாவின் மெல்பர்னிலோ உள்ள சிங்க்ரோட்ரானுக்கு (வலுவான எக்ஸ்-கதிர் தரும் எலெக்ட்ரான் வளையம்) அனுப்புங்கள். இங்கே கென்ட் ரிட்ஜில் உள்ள சிங்க்ரோட்ரான் வளையத்தின் ஆற்றல் 700 மில்லியன் எலெக்ட்ரான்வோல்ட்தான், இந்த வேலைக்குப் போதாது. உறைந்த கலவைக்குள் படிகம் கண்ணுக்குத் தெரியாது, கட்டம் கட்டமாக எக்ஸ்-கதிர்க் கற்றையால் துழாவியே கண்டுபிடிக்க வேண்டும்.

படி 5: எக்ஸ்-கதிர்த் தரவிலிருந்து கிடைக்கும் எலெக்ட்ரான் அடர்த்தி வரைபடத்தில் குழாய் போன்ற அடர்த்தி தெரிந்தவுடன் “லிப்பிட்!” என்று எழுதிவிடாதீர்கள். மோனோஒலீன், டிடர்ஜென்ட், பாலிஎத்திலீன் கிளைக்கால் எல்லாமே அப்படித்தான் தெரியும். அந்த மூலக்கூறை நீங்கள் கட்டிய மாதிரியிலிருந்து நீக்கிவிட்டு வேறுபாட்டு வரைபடம் (தரவில் இருந்து மாதிரியில் இல்லாததைக் காட்டுவது) போடுங்கள். லிப்பிடின் தலைப்பகுதி தெரிகிறதா, அதைப் பிடித்திருக்கும் அமினோ அமிலங்கள் எவை என்று பாருங்கள். அந்த அமிலங்களை மாற்றிச் சோதித்த பிறகு சொன்னால்தான் நான் நம்புவேன்.

சேர்க்கை: தட்டுகள் 20 டிகிரி இன்குபேட்டரில் இருந்தும் வெளுக்கின்றன என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். காரணம் நுண்ணோக்கி அறை. அங்கேயும் வெப்பநிலையை அளந்து பாருங்கள், தட்டை அதிக நேரம் வெளியே விடாதீர்கள்.