தஞ்சைப் புறநகரில் நல்ல சாப்பாட்டுக் கடையைக் கண்டுபிடிப்பது எப்படி

தஞ்சாவூருக்கு வருகிறவர்கள் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு, பழைய பேருந்து நிலையத்தைச் சுற்றியிருக்கும் ஹோட்டல்களில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அது சரி, வெளியூர்க்காரர்கள். நாஞ்சிக்கோட்டை சாலை, விளார், பிள்ளையார்பட்டி, வல்லம் என்று வெளிப்பக்கம் வீடு கட்டிப் போன உள்ளூர்க்காரர்களும் சாப்பாடு என்றால் டவுனுக்குத்தான் வண்டியை எடுக்கிறார்கள். இதுதான் எனக்கு வருத்தம். அவர்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு வீட்டுத் திண்ணையில் அருமையான இட்லியும் கார சட்னியும் ஒன்பது மணிக்குள் விற்றுத் தீர்ந்துகொண்டிருக்கும்.

நான் மின்வாரியத்தில் கணக்கீட்டாளர். வீடு வீடாகப் போய் மீட்டர் பார்ப்பது என் வேலை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதே தெருவுக்குத் திரும்பி வருவேன். எந்தக் கடை புதிதாக வந்தது, எது மூடியது, எது அதே அடுப்போடு அதே இடத்தில் நிற்கிறது என்பதெல்லாம் நடந்து நடந்தே தெரிந்துவிடும். வெயிலில் நடக்கிற வேலை, வெளியில்தான் சாப்பிட வேண்டும், வயிறும் கெடக்கூடாது. அப்படிக் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். கடைகளின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பல கடைகளுக்குப் பெயரே கிடையாது, 'அக்கா கடை', 'வேப்பமரத்தடி' என்பதுதான் அடையாளம். வாடகை ஏறினால் அடுத்த தெருவுக்கு மாறிவிடுவார்கள். தேடத் தெரிந்தால் அங்கேயும் போய்ப் பிடித்துவிடலாம்.

முதலில் நேரம். டவுன் ஹோட்டல் காலையிலிருந்து ராத்திரி வரை திறந்திருக்கும். புறநகரில் அப்படியில்லை. காலையில் இட்லி விற்ற கொட்டகையில் சாயங்காலம் வேறொருவர் வடை, பஜ்ஜி போடுவார். ஏழு மணிக்கு மேல் அதே இடத்தில் இன்னொருவரின் பரோட்டாக் கல் சூடாகும். மூன்றும் மூன்று குடும்பத்தின் பிழைப்பு. பத்தரை மணிக்குப் போய் நின்றால் காலிக் கொட்டகையும் இரண்டு பெஞ்சும்தான் தெரியும், 'இங்க ஒண்ணும் இல்ல' என்று திரும்பிவிடுவீர்கள். ஒரு புதிய ஏரியாவைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரே நாளில் மூன்று வேளை போங்கள்: காலை ஏழரை, மத்தியானம் ஒரு மணி, ராத்திரி எட்டு. நடந்து போங்கள். வண்டியில் போனால் சந்துகள் கண்ணில் படாது.

இட்லிக் கடையைப் பிடிக்க நல்ல நேரம் முந்தைய நாள் மத்தியானம். மூன்று மணி வாக்கில் தெரு அடங்கிக் கிடக்கும். அப்போது ஒரு வீட்டிலிருந்து கிரைண்டர் சத்தம் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், அது அந்த வீட்டுத் தேவைக்கு மட்டும் ஓடுகிற கிரைண்டர் இல்லை. ஒன்று மாவு விற்கிறார்கள், இல்லையென்றால் மறுநாள் காலையில் கடை இருக்கிறது. வாசலில் இருக்கிற யாரிடமாவது கேட்டால் சொல்லிவிடுவார்கள். மாவை அன்றன்றைக்கு ஆட்டுகிற கடை, மாவு வாங்கி இட்லி ஊற்றுகிற கடை, இரண்டுக்கும் வித்தியாசம் பெரியது. வாங்கின மாவு எத்தனை நாள் புளித்தது என்பது கடைக்காரருக்கே தெரியாது.

போனதும் 'தொட்டுக்க இன்னிக்கு என்னக்கா?' என்று கேளுங்கள். கடப்பா என்று பதில் வந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் தாண்டினால் இதைப் பார்ப்பது அரிது. பாசிப்பருப்பை வேகவைத்து, உருளைக்கிழங்கு சேர்த்து, தேங்காயோடு பச்சைமிளகாயும் சோம்பும் அரைத்து ஊற்றி, இறக்கியபின் எலுமிச்சை பிழிவார்கள். புளி கிடையாது, மிளகாய்த்தூள் கிடையாது. வெளிர் மஞ்சளாக இருக்கும். சிவப்பாக வந்தால் அது குருமா, அதைக் கடப்பா என்று சொல்லி விற்கக்கூடாது. பருப்பும் தேங்காயும் சேர்ந்தது என்பதால் சீக்கிரம் ஊசிப்போகும். அதனால் சின்னக் கடைகளில் கொஞ்சமாகத்தான் வைப்பார்கள், பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையில். எட்டு மணிக்குள் போய்விடுங்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு யாரைக் கேட்பது என்பதில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். 'இங்க நல்ல ஹோட்டல் எது?' என்று கேட்காதீர்கள். உங்களைப் பார்த்ததும் ஏசி இருக்கிற, கார் நிறுத்த இடமிருக்கிற ஹோட்டலைத்தான் கைகாட்டுவார்கள். உங்களுக்கு மரியாதை செய்வதாக நினைத்துத்தான் அப்படிச் சொல்கிறார்கள். 'நீங்க மத்தியானம் எங்கண்ணே சாப்பிடுவீங்க?' என்று கேளுங்கள். பதில் அப்படியே மாறிவிடும்.

யாரிடம் என்றால், வீடு கட்டுகிற இடத்தில் நிற்கிற கொத்தனார்களிடமும் சித்தாள் அக்காக்களிடமும்தான். புறநகரில் எந்தத் தெருவிலும் ஒரு வீடாவது ஏறிக்கொண்டிருக்கும். அவர்கள் நாள் முழுக்க வெயிலில் கலவை தூக்குகிறவர்கள். சோறு போதாமல் போனாலோ வயிற்றைக் கெடுத்தாலோ மறுநாள் கூலி போய்விடும். அந்தக் கணக்கில் தேர்ந்தெடுத்த கடை பெரும்பாலும் சோடை போகாது. டவுன் பஸ் கடைசி நிறுத்தத்தில் டிரைவர், கண்டக்டர்களைக் கேட்டால் அவர்கள் சொல்வது சீக்கிரம் சாப்பிட்டு எழுந்திருக்கக்கூடிய கடையாக இருக்கும். உங்களுக்கு அவசரமென்றால் அவர்களைக் கேளுங்கள். சிமெண்ட் கடை, மரக்கடை வாசலில் லோடு இறக்குகிறவர்களைக் கேட்டால் அசைவத்துக்கு நல்ல வழி கிடைக்கும்.

உள்ளே போய் உட்காரும் முன் இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். சோறு வடித்ததா என்று பார்க்க வேண்டும். புழுங்கலரிசியைப் பெரிய பாத்திரத்தில் வடித்து, மூடியைச் சாய்த்து வைத்திருப்பார்கள். கை கழுவும் இடம் காய்ந்திருக்கிறதா, குடிதண்ணீர்ப் பானை மூடியிருக்கிறதா என்று பாருங்கள். இலையா தட்டா என்பதைப் பார்க்கும்போது, தட்டின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்துச் சூடான சோறு போடுகிற இடத்தில் நான் சாப்பிட மாட்டேன். திருவையாறு பக்கம் வாழை விளைகிற ஊரில் அதற்குத் தேவையே இல்லை. அப்புறம் ரசம். ரசம் சூடாக இருந்தால், மிளகும் பூண்டும் அன்றைக்குத் தட்டிப் போட்ட வாசனை வந்தால், அந்தக் கடையில் மற்றதும் ஒழுங்காக இருக்கும் என்று நம்பலாம். சாம்பாரை நல்லபடி வைத்துவிட்டு ரசத்தைக் கடமைக்கு வைக்கிற கடைகள் நிறைய.

மருத்துவக் கல்லூரிப் பக்கத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த மருத்துவமனைக்குத் திருவாரூர், நாகப்பட்டினம், புதுக்கோட்டை, அரியலூர் என்று சுற்றுப்பட்ட மாவட்டங்களிலிருந்தெல்லாம் நோயாளிகள் வருகிறார்கள். கூட வந்தவர்கள் நாள்கணக்கில் தங்குவார்கள். அவர்களுக்காகவே சாலையை ஒட்டிய சந்துகளில் விடிவதற்கு முன்பே அடுப்பு எரிகிற கடைகள் உண்டு. பிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றித் தருவார்கள். அரிசிக் கஞ்சி, தேங்காய்ப்பால் ஊற்றின இடியாப்பம், குழைய வடித்த ரசம் சாதம் எல்லாம் கிடைக்கும். 'காரம் இல்லாம குடுங்க', 'நல்லா குழைச்சுக் குடுங்க' என்று கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், தினமும் கேட்கிற வார்த்தை அது. வயதானவர்களையோ சின்னப் பிள்ளைகளையோ கூட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு நான் சொல்லும் இடம் இந்தச் சந்துகள்தான். பளபளப்பு இருக்காது. ஆனால் சமைக்கிறவர்கள் நோயாளிக்குப் போகிற சாப்பாடு என்று மனதில் வைத்துச் சமைக்கிறார்கள். அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஊரின் எந்தப் பக்கம் போகிறோம் என்பதைப் பொறுத்தும் சாப்பாடு மாறும். டெல்டா என்றாலே எங்கும் வயல் என்று நினைக்கிறார்கள். தெற்கே, மேற்கே வல்லம் பக்கம் போனால் செம்மண் மேடு. அங்கே மத்தியானத்துக்கு முன் சாலையோரம் கம்பங்கூழும் கேழ்வரகுக் கூழும் தேடுங்கள், மோர்மிளகாயும் சின்ன வெங்காயமும் கூட வரும். அவித்த நிலக்கடலையும் கிடைக்கும். கோடையில் புதுக்கோட்டைப் பக்கத்துப் பலாப்பழம் வந்து குவியும். வடக்கே கரந்தை தாண்டி பள்ளியக்கிரகாரம் வழியாகத் திருவையாறு போகிற சாலையில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பாலம் வரும். அது சோறும் வாழையும் மீனும் உள்ள பக்கம். திருவையாற்று அசோகா அல்வா எல்லாருக்கும் தெரிந்ததுதான். பாசிப்பருப்பில் செய்தது, சூடாக இலையில் வாங்கிச் சாப்பிடுங்கள், ஆறினால் நெய் உறைந்துவிடும்.

மீனுக்கு மாதம் பார்க்க வேண்டும். இதை யாரும் பார்ப்பதில்லை. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடும். ஆற்றில் தண்ணீர் நின்ற பிறகு குளம் குட்டைகள் மெல்ல வற்றும். மாசி, பங்குனி, சித்திரையில் அவற்றை இறைத்து மீன் பிடிப்பார்கள். விரால், கெண்டை, கெளுத்தி எல்லாம் அப்போதுதான் தாராளமாக வரும். விராலை உயிரோடு தண்ணீர்த் தொட்டியில் போட்டு விற்பதைச் சாலையோரத்தில் பார்க்கலாம். அதே சமயம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகில் பிடித்த கொஞ்ச மீன்தான் மல்லிப்பட்டினம், நாகப்பட்டினம் பக்கமிருந்து வரும். அந்த நாட்களில் ஒரு சின்னக் கடையில் வஞ்சிரம் தாராளமாக இருக்கிறதென்றால், அது எங்கிருந்து எப்போது வந்தது என்று கேட்காமல் சாப்பிடாதீர்கள். குளத்து மீன் இருக்கிற கடையைத் தேடுங்கள். மாங்காய் போட்ட விரால் குழம்பு கோடையில் மட்டும் கிடைக்கிற ஒன்று, அதற்காக வெயிலில் எவ்வளவு தூரமும் நடக்கலாம் என்பது என் கருத்து. நேரே கேளுங்கள்: 'குளத்து மீனாண்ணே, கடல் மீனா?' நல்ல கடைக்காரர் எந்த ஊர்க் குளம் என்பது வரை சொல்வார். அவரிடம் முந்தின நாள் குழம்பு மிஞ்சியிருந்தால், காலையில் இட்லிக்குக் கேட்டு வாங்குங்கள். வாடிக்கைக்காரர்களுக்கு மட்டும் அது கிடைக்கும்.

பெண்கள் தனியாகப் போய்ச் சாப்பிடலாமா என்று என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. தாராளமாகப் போகலாம். கல்லாவிலோ பரிமாறும் இடத்திலோ ஒரு பெண் இருக்கிற கடையாகப் பாருங்கள், புறநகரில் அது அதிகம். காலைக் கடையும் மத்தியானக் கடையும் பிரச்சினையே இல்லை. ராத்திரி பரோட்டாக் கடையில் பக்கத்தில் மதுக்கடை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் நான் பார்சல்தான் வாங்குவேன். சால்னாவுக்கு வீட்டிலிருந்து தூக்குவாளி கொண்டுபோவேன். தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருந்தும், கொதிக்கிற குழம்பை மெல்லிய பையில் கட்டித் தருவது நின்றபாடில்லை. பாத்திரத்தை நீட்டினால் ஒரு கரண்டி கூடவே விழும்.

காபி பற்றி ஒன்றே ஒன்று. பித்தளை டபரா செட்டைப் பார்த்து உட்காராதீர்கள். புறநகரில் மாடு வைத்திருக்கிற வீட்டிலிருந்து நேரே பால் வாங்குகிற டீக்கடை எது என்று விசாரியுங்கள். தண்ணீர் கலக்காத கள்ளிச்சொட்டுப் பால் அங்கேதான். காலை ஆறு மணிக்கு, முதல் டிகாஷன் இறங்கினதும் போங்கள்.

நல்ல கடையைக் கண்டுபிடித்த பிறகு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, இதைத் தயவுசெய்து கவனியுங்கள். அந்தக் கடைகள் நாற்பது ஐம்பது பேருக்கு அளந்து சமைக்கின்றன. மிச்சம் வைத்துக்கொள்ள குளிர்பெட்டியும் இருக்காது, மிஞ்சினால் நட்டம். நீங்கள் பத்துப் பேரைச் சொல்லாமல் கூட்டிக்கொண்டு போனால், ஒன்றரை மணிக்கு வருகிற வாடிக்கைக் கொத்தனாருக்குச் சோறு இருக்காது. நான்கு பேருக்கு மேல் போவதாக இருந்தால் முந்தின நாளே போய்ச் சொல்லிவிடுங்கள், அவர்களும் சந்தோஷமாக இன்னொரு காய் சேர்த்து வைப்பார்கள். சில்லறை கொண்டுபோங்கள். க்யூஆர் அட்டை ஒட்டியிருந்தாலும், காலை நேரத்தில் சட்னிக் கையோடு போனைத் துடைத்து மெசேஜ் வந்ததா என்று பார்ப்பது அவர்களுக்குச் சிரமம்.

எப்போது போகக்கூடாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அமாவாசையன்று அசைவக் கடைகள் பல திறக்காது. புரட்டாசி மாதம் முழுக்கக் கூட்டம் குறைவு என்பதால் சிலர் கடையையே மூடிவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள். ஆவணி ஞாயிறுகளில் புன்னைநல்லூர் மாரியம்மன் கோயில் பக்கம் கூட்டம் நெரியும், அந்தப் பக்கத்துக் கடைகளை வேறு கிழமையில் பாருங்கள். தீபாவளி, பொங்கல் கழித்து வேலையாட்கள் ஊரிலிருந்து திரும்ப ஒரு வாரம் ஆகும். அதுவரை கட்டட வேலை நின்றிருக்கும், அவர்களை நம்பி நடக்கிற மத்தியானக் கடைகளும் அதன் பிறகுதான் திறக்கும்.