தமிழ்ல போஸ்டர், தம்ப்னெயில் பண்றீங்களா? எழுத்துல இந்தத் தப்பெல்லாம் வேண்டாம்

ரெடியா கிடைக்கிற டெம்ப்ளேட் முக்கால்வாசி இங்கிலீஷ் எழுத்துக்கு அளந்து வச்சதுதான். அதுல இங்கிலீஷ அழிச்சிட்டு தமிழ ஒட்டினா சரியா உக்காராது, ஏன்னா நம்ம எழுத்துக்கு மேல புள்ளி, கொக்கி, கீழ ழு, ளு, கூ மாதிரி வளைவுன்னு ரெண்டு பக்கமும் இடம் வேணும்.

இதுல எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம் புள்ளி காணாம போறதுதான். தலைப்பு தூக்கலா தெரியணும்னு எழுத்தச் சுத்தி தடியா ஒரு ஸ்ட்ரோக், அதாவது ஓரக்கோடு, குடுத்துடறாங்க, அது தடிக்கத் தடிக்க புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவுல இருக்கிற சந்து மூடிக்கும், ண, ஞ உள்ள இருக்கிற ஓட்டையும் அடைஞ்சிடும், கடைசில 'மண்டபம்'ங்கிறது 'மணடபம'ன்னு தெரியும். யூடியூப் தம்ப்னெயில 1280க்கு 720 சைஸ்ல பெருசா வச்சு பண்றோம், ஆனா பாக்குறவங்க போன்ல குட்டியாத்தான் பாக்குறாங்க. அதனால தடியா வேணும்னா ஃபான்ட்லயே வர்ற போல்ட எடுங்க. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், அனெக் தமிழ் மூணுலயும் மெல்லிசுல இருந்து நல்ல தடி வரைக்கும் இருக்கு, மூணுமே இலவசம், தடி எழுத்துலயும் புள்ளி தனியா தெரியும்.

அடுத்தது வரி இடைவெளி. அடோபி சாஃப்ட்வேர்ல ஆட்டோ லீடிங் (தானா வர்ற வரி இடைவெளி) எழுத்து சைஸ்ல 120 சதவீதம்தான், தமிழுக்கு அது பத்தாது, மேல் வரி 'ழு' வந்து கீழ் வரி 'கீ' மேல இடிக்கும். 140, 150ன்னு ஏத்திப் பாருங்க. எழுத்துக்கு நடுவுல இருக்கிற இடைவெளிய (ட்ராக்கிங்) கூட்டுறதும் வேண்டாம், சில சாஃப்ட்வேர்ல 'கொ' மூணு துண்டா பிரிஞ்சு நிக்கும்.

போட்டோஷாப்ல 'பெண்'னு அடிச்சா கொம்பு ப-வுக்குப் பின்னாடி போயிடுதுன்னு நிறைய பேர் புலம்புறாங்க. பாராகிராஃப் பேனல் மெனுல வேர்ல்ட் ரெடி லேஅவுட்ட ஆன் பண்ணுங்க, பழைய வெர்ஷன்னா மொதல்ல ப்ரிஃபரன்ஸ்ல டைப் பகுதிக்குப் போய் தெற்காசிய மொழிக்கான டெக்ஸ்ட் எஞ்சினுக்கு மாத்தணும், அவ்ளோதான். இத தேடிப் பாக்காம பாமினிக்குப் போயிடறாங்க, அது இங்கிலீஷ் எழுத்தையே தமிழ் உருவமா காட்டுற பழைய ஃபான்ட். பாமினில புள்ளிங்கிறதே செமிகோலன் கீதான், அதனால அந்த ஃபான்ட் இல்லாத சிஸ்டத்துல ஃபைல தொறந்தா மொத்தமும் இங்கிலீஷ் எழுத்தும் செமிகோலனுமா கெடக்கும், காப்பி பண்ணி வாட்ஸப்ல போட்டாலும் அதே கதிதான். எந்த சிஸ்டத்துலயும் தமிழ் தமிழாவே இருக்கிற யூனிகோட் ஃபான்ட்லயே பண்ணிடுங்க.

கலர் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். வெள்ளைல மஞ்சள் வேண்டாம், கூட்டமான போட்டோ மேல நேரா எழுத வேண்டாம், நடுவுல கருப்பா ஒரு லேயர் போடுங்க. வெப் அணுகல்தன்மை விதி சாதாரண எழுத்துக்கு 4.5க்கு 1, பெரிய எழுத்துக்கு 3க்கு 1 கான்ட்ராஸ்ட் (எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம்) கேக்குது, செக் பண்ண இலவச டூல் நிறைய இருக்கு. தம்ப்னெயில் வலது கீழ் மூலைல எதுவும் எழுதாதீங்க, வீடியோ நேரம் வந்து மறைச்சிடும்.

வரி உடைக்கிறதையும் சாஃப்ட்வேர் கைல விடாதீங்க, 'அனைவரும் கலந்து' ஒரு வரி, 'கொள்ளவும்' இன்னொரு வரின்னு வந்தா படிக்கிறவங்க தடுமாறுவாங்க. இடம் பத்தலைன்னா எழுத்த நெருக்காம வார்த்தைய கொறைங்க, பேனர்ல தேதி, நேரம், இடம் மூணும் தெளிவா தெரிஞ்சாலே போதும்.

பிரிண்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி ஜேபெக்கா உங்க போனுக்கே அனுப்பி, ஜூம் பண்ணாம பாருங்க. அப்புறம் டிசைன்ல சம்பந்தமே இல்லாத ஒருத்தர்கிட்ட குடுத்து சத்தமா படிக்கச் சொல்லுங்க. அவர் எந்த எடத்துல நிக்கிறாரோ அங்க ஒண்ணு எழுத்துப்பிழை இருக்கும், இல்லன்னா புள்ளி மறைஞ்சிருக்கும்.