மோரிஸ் மைனர் காரின் உட்புறத்தைப் புதுப்பிக்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் ஒரு காலத்தில் கிராணிமாரும் (தோட்ட எழுத்தர்களும்) பள்ளி ஆசிரியர்களும் ஓட்டிய மோரிஸ் மைனர் கார்களில் சில இன்னும் வீட்டுத் தாழ்வாரங்களில் நிற்கின்றன. 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான இந்தக் காரின் உட்புறப் பாகங்களை இன்றும் அங்கிருந்து வரவழைக்கலாம். ஆயினும் கதவின் உள்பலகையையும் தரைவிரிப்பையும் நம் ஊர் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே செய்ய முடியும் என்பதால், புதியவர்கள் அவற்றிலிருந்து தொடங்குவது நல்லது.

பழைய பாகம் எவ்வளவு சிதைந்திருந்தாலும், வேலை முடியும்வரை அதைத் தூக்கி எறியாதீர்கள். அளவுக்கும் வடிவத்துக்கும் அதைவிட நம்பகமான அச்சு வேறில்லை. கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் முதலில் படம் பிடித்து, அதன் திருகுகளைத் தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள்.

முதலில் இருக்கைகளையும் பிறகு தரைவிரிப்பையும் வெளியே எடுங்கள். விரிப்பின் அடியிலுள்ள கம்பளம் ஈரத்தை விடாமல் பிடித்து வைத்திருப்பதால், தரைத் தகட்டைத் திருப்புளியால் அழுத்திப் பார்ப்பது அவசியம். முனை உள்ளே இறங்கினால், வெல்டிங் முடியும்வரை வேறு எதையும் தொடக்கூடாது. மேல்துரு மட்டும் என்றால், கம்பித் தூரிகையால் சுரண்டித் துருத்தடுப்புப் பூச்சு அடித்தால் போதும்.

கூரைத் துணியைக் குஷன் கடைக்காரரிடம் விட்டுவிடுவதே என் ஆலோசனை. ஆனால் தூசி கொட்டும் வேலை என்பதால் அதைக் கதவுகளுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

கதவில் கண்ணாடி ஏற்றும் கைப்பிடியின் பின்னாலுள்ள வட்டத் தகட்டை உள்நோக்கி அழுத்தினால் சிறிய ஊசி ஒன்று தெரியும். மெல்லிய ஆணியால் அதைத் தள்ளினால் கைப்பிடி கையோடு வந்துவிடும். பலகையை நடுவில் பிடித்து இழுத்தால் உடையும். ஒவ்வொரு கிளிப்பின் அருகிலும் தட்டையான கருவியை நுழைத்து மெல்ல நெம்புங்கள்.

பலகையின் அடிப்பகுதி ஊதியிருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் மழைநீர்தான். கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் இறங்கும் நீர், அடியிலுள்ள துளைகள் வழியே வெளியேற வேண்டும். அவை மண்ணால் அடைபட்டு, பலகையின் பின்னுள்ள பிளாஸ்டிக் தாளும் கிழிந்திருந்தால், மழைக்குப் பஞ்சமில்லாத நம் ஊரில் புதிய பலகையும் அதே கதியைத்தான் அடையும். எனவே துளைகளைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்து, புதிய பிளாஸ்டிக் தாளை ஒட்டிய பிறகே பலகையைப் பொருத்துங்கள்.

பழைய பலகையை 3 மி.மீ. பிளைவுட் மீது வைத்து வரைந்து வெட்டுங்கள். கிளிப் துளைகள் சற்று விலகினாலும் பலகை உட்காராது என்பதால், வினைல் ஒட்டுமுன் ஒருமுறை கதவில் வைத்துப் பாருங்கள். விளிம்புகளுக்கு வார்னிஷ் அடித்து, அது நன்றாகக் காய்ந்ததும், வினைலைச் சற்று நேரம் வெயிலில் போட்டு இளக்குங்கள். இரு பரப்பிலும் பசை தடவி, விரலில் ஒட்டாத பதம் வந்ததும், நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி அழுத்திச் செல்லுங்கள். சுற்றிலும் 3 செ.மீ. விட்டுப் பின்னால் மடியுங்கள். வளைவுகளில் சிறு வெட்டுகள் கொடுத்தால் சுருக்கம் விழாது. பசையின் ஆவி கெடுதியானது என்பதால், திறந்த வெளியில் முகக்கவசத்துடன் வேலை செய்யுங்கள்.

இருக்கை குழிந்திருந்தால், பலரும் முதலில் பஞ்சை மாற்றுகிறார்கள். சட்டத்தின் அடியில் இழுத்து மாட்டியிருக்கும் ரப்பர் தாள் வெடித்துத் தளர்ந்திருக்கிறதா என்று அதற்கு முன் பாருங்கள். அதை மாற்றாமல் எவ்வளவு பஞ்சு வைத்தாலும் இருக்கை மீண்டும் இறங்கிவிடும்.

தரை முற்றிலும் காய்ந்த பிறகு, பழைய விரிப்பை அச்சாக வைத்து வெட்டிய புதிய விரிப்பைப் போட்டு, இருக்கைகளை ஏற்றுங்கள். எல்லா போல்ட்டுகளையும் கையால் பிடிக்கவிட்டு, அதன் பிறகே ஸ்பானரால் இறுக்க வேண்டும். காரைச் சாலையில் இறக்குமுன், ஓட்டுநர் இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் அது அசையாமல் பூட்டிக்கொள்கிறதா என்று சோதியுங்கள்.