எரிமலைப் பாறையின் சமதானிகளைக் கொண்டு மென்மூடியைப் படிப்பது எப்படி

காலிமுகத்திடல் அலைதடுப்பில் அடுக்கியிருக்கும் கல்லையும் கரையோர ரயில் பாதையில் கொட்டிக் கிடக்கும் சல்லிக்கல்லையும் ‘கருங்கல்’ என்றுதான் சொல்கிறோம். கறுப்பாக இருப்பதால் அவை பசாற்று, அதாவது லாவா உறைந்த பாறை, ஆகிவிடாது. பெரும்பாலும் நைஸ், சார்னொக்கைட் போன்ற மிகப் பழைய உருமாறிய பாறைகள். புவியோட்டின் கதை அவற்றில் உண்டு, அதற்குக் கீழே 2,900 கிலோமீற்றர் வரை இறங்கும் மென்மூடியின் கதை இல்லை. அதற்கு மென்மூடி உருகி மேலே வந்த பாறை வேண்டும். கொழும்பிலிருந்து பார்த்தால் இந்தியாவின் தக்காணப் பசாற்று, ரீயூனியன் தீவின் லாவா, இந்து சமுத்திர நடுமுகட்டில் (கடலடி மலைத்தொடரில்) வாரியெடுத்த பாறை போன்றவற்றைச் சொல்லலாம்.

அடிப்படை இதுதான். ஒரே மூலகத்தின் வெவ்வேறு திணிவுள்ள அணுக்களே சமதானிகள், பெயருக்குப் பின்னால் வரும் எண் அந்தத் திணிவு. ருபிடியம் 87 சிதைந்து ஸ்ரொன்சியம் 87 ஆகிறது. அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ 4,960 கோடி ஆண்டு. பாறை உருகும்போது ருபிடியம் ஸ்ரொன்சியத்தைவிட அதிகமாக உருகலோடு போய்விடும். ஆனால் ஸ்ரொன்சியத்தின் 87க்கும் 86க்கும் உள்ள விகிதத்தை உருகுதல் மாற்றாது. அவ்வளவு பாரமான அணுக்களை அந்த வெப்பத்தில் தரம் பிரிக்க முடியாது. ஆகவே இளம் லாவாவின் விகிதம் அது பிறந்த மென்மூடியின் விகிதமே. பலமுறை உருகி ருபிடியத்தை இழந்த மென்மூடியிலிருந்து வரும் நடுமுகட்டுப் பசாற்றில் அது 0.7025 அளவில் நிற்கும். சமாரியம் 147 நியோடிமியம் 143 ஆவதில் கணக்குத் தலைகீழ்: உருகலோடு அதிகம் போவது நியோடிமியம், அதனால் மிஞ்சிய மென்மூடியில் 143/144 விகிதம் காலப்போக்கில் கூடும்.

முழுச் செய்தியும் மூன்றாம், நான்காம், ஐந்தாம் தசமத்தானத்தில் இருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டே கல்லைத் தொடுங்கள். கடல்நீரின் ஸ்ரொன்சிய விகிதம் 0.7092. கடலடியில் ஊறிய பசாற்றில் அது கொஞ்சம் புகுந்தாலே 0.7025 என்பது 0.7035 ஆகி, வேறொரு மென்மூடியைக் கண்டுபிடித்துவிட்ட மயக்கத்தைத் தரும்.

ஒரு கிலோ அளவில் புதுக் கல் எடுங்கள். பழுப்பேறிய வெளித்தோலை முழுதாக வெட்டி நீக்குங்கள். வாள் பட்ட முகங்களைச் சிலிக்கன் காபைட் தாளால் தேய்த்து, கோடு ஒன்றும் தெரியாதபடி எடுக்க வேண்டும். வாள் தகட்டின் உலோகம் ஈயத்தையும் கொண்டுவரும். குமிழிக் குழிகளில் வெள்ளைப் புள்ளி கண்டால் 10 வீத ஐதரோகுளோரிக் அமிலம் ஒரு துளி விடுங்கள். நுரைத்தால் கல்சைற்று, நுரைக்காவிட்டால் சியோலைற்றாக இருக்கலாம். இரண்டுமே வேண்டாதவை. உடைத்து 0.5 முதல் 1 மில்லிமீற்றர் வரையான சில்லுகளைச் சலித்தெடுத்து, அயன் நீக்கிய நீரில், மீயொலித் தொட்டியில், நீர் தெளியும்வரை கழுவுங்கள். பிறகு இருகண் நுணுக்குக்காட்டியின் கீழ் 500 மில்லிகிராம் சில்லைப் பிளாஸ்ரிக் இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். பொறுமை பிடிக்கும் வேலை. இதற்குக் குறுக்குவழி இல்லை. மீதியை அகேற் உரலில் பொடியாக்குங்கள்.

ஈயத்தின் சமதானி விகிதங்களையும் அளக்கப் போகிறோம், ஆகவே வெளியிலிருந்து வரும் ஈயத்துக்குத் தனியாக அஞ்ச வேண்டும். நடுமுகட்டுப் பசாற்றில் ஈயம் மில்லியனுக்கு 0.5 பங்கு அளவுதான். 100 மில்லிகிராம் பொடியில் 50 நனோகிராம். இலங்கையில் 2002 வரை ஈயம் கலந்த பெற்றோல் விற்கப்பட்டது. காலி வீதியை ஒட்டிய ஓர் அறையில், யன்னலைத் திறந்து வைத்துக் கல்லுடைத்தால், தூசியில் வருவது யாருடைய ஈயம் என்று பிறகு பிரித்தறிய வழியில்லை. நகையைக் கழற்றி, பவுடர் இல்லாத கையுறை போட்டு, யன்னலைச் சாத்திவிட்டு வேலை செய்யுங்கள்.

பொறுக்கிய சில்லைக் கரைக்கும் முன், 6 மோலர் ஐதரோகுளோரிக் அமிலத்தில் 100 பாகை செல்சியஸில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, மஞ்சள் நீரை ஊற்றிவிட்டு, நிறம் இறங்குவது நிற்கும்வரை திரும்பச் செய்யுங்கள். கல்லில் மூன்றிலொரு பங்கு போய்விடக்கூடும். பயப்பட வேண்டாம், முன்னும் பின்னும் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: இப்படிக் கழுவிய சில்லில் ருபிடியம்–ஸ்ரொன்சிய அளவுகள் குலைந்துவிடும். வயதுத் திருத்தத்துக்கான (பாறை பிறந்தபின் சிதைவால் கூடியதைக் கழிப்பதற்கான) செறிவுகளைக் கழுவாத பொடியிலிருந்தே எடுக்க வேண்டும்.

கரைத்தல் பயிற்சி பெற்ற கூடத்தின் வேலை. மூன்று பங்கு ஐதரோபுளோரிக் அமிலம், ஒரு பங்கு நைத்திரிக் அமிலம், மூடிய டெஃப்லான் குப்பி, 130 பாகை, 48 மணி நேரம். கண்ணாடியை அந்த அமிலம் தின்னும். தோலில் பட்டால் வலி தெரியுமுன்பே உள்ளே இறங்கும். கல்சியம் குளுக்கோனேற் பசை கைக்கெட்டும் தூரத்தில் இல்லாவிட்டால் போத்தலைத் திறக்கவே கூடாது. இதற்கு வசதியில்லாதவர்கள் சில்லையும் பொடியையும் வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம். அனுப்புமுன் அனுமதி விபரத்தைப் பிட்டகோட்டையிலுள்ள புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்கள் திரும்பி வந்ததும் உங்கள் கல்லைப் பார்க்காதீர்கள், முதலில் நியமத்தை, அதாவது விகிதம் ஏற்கெனவே தெரிந்த ஒப்பீட்டுப் பொருளைப் பாருங்கள். என்.பி.எஸ். 987 ஸ்ரொன்சிய நியமம் 0.71025 காட்ட வேண்டும், பி.சி.ஆர். 2 பசாற்றுப் பொடி 0.7050 அளவில் நிற்க வேண்டும். சமதானிகளைத் திணிவுவாரியாக எண்ணும் கருவியான திணிவு நிறமாலைமானியின் பக்கச்சார்பு 86/88 = 0.1194 என்று வைத்துத் திருத்தப்பட்டதா, திணிவு 85 இல் ருபிடியம் கண்காணிக்கப்பட்டதா என்று கேளுங்கள். ருபிடியம் 87 சரியாகக் கழிக்கப்படாவிட்டால் ஸ்ரொன்சியம் 87 ஆகவே எண்ணப்பட்டுவிடும்.

அடுத்தது வயது. தக்காணப் பசாற்று 6.6 கோடி ஆண்டு பழையது. ருபிடியம் மில்லியனுக்கு 10, ஸ்ரொன்சியம் 220 என்று வைப்போம். ருபிடியத்தை ஸ்ரொன்சியத்தால் வகுத்து 2.89 ஆல் பெருக்கினால் ருபிடியம் 87 / ஸ்ரொன்சியம் 86 விகிதம் 0.131. சிதைவு மாறிலியை (ஓராண்டில் சிதையும் பங்கை) வயதால் பெருக்க 0.00092. இரண்டையும் பெருக்கினால் 0.00012, அளந்தது 0.70450 என்றால் பிறந்தபோது 0.70438.

இனி ஸ்ரொன்சியத்தைக் கிடையாகவும் நியோடிமியத்தை நிலையாகவும் குறியுங்கள். புள்ளிகள் நியோடிமியம் மாறாமல் வலப்பக்கம் மட்டும் நகர்ந்தால் அது கடல்நீர். கடல்நீரில் நியோடிமியம் மிக மிகக் குறைவு. ஸ்ரொன்சியம் ஏறும்போது நியோடிமியம் இறங்கி, கூடவே சிலிக்காவும் ஏறினால், வழியில் கண்டப் புவியோட்டைத் தின்ற லாவா என்று சந்தேகியுங்கள். தக்காணத்தின் புஷே அடுக்கில் விகிதம் 0.713 ஐத் தாண்டுவது அப்படித்தான். அம்பேனளி அடுக்கு 0.704 அருகே நிற்கிறது. மென்மூடியைத் தேடுபவர் அம்பேனளியிலிருந்துதான் தொடங்க வேண்டும். பெருஞ்சமுத்திரத் தீவு லாவாவில் இந்தச் சிக்கல் குறைவு.

எங்கள் கடலுக்கு மிக முக்கியமானது ஈயம். 208/204 விகிதத்துக்கான வடவரைக்கோள நியமக் கோடு (வடவரைக்கோளக் கடல் பசாற்றுகளைக் கொண்டு வரைந்த ஒப்பீட்டுக் கோடு): 206/204 ஐ 1.209 ஆல் பெருக்கி 15.627 ஐக் கூட்டுங்கள். 206/204 விகிதம் 18.00 ஆனால் கோடு தருவது 37.39. நீங்கள் அளந்தது 38.10 எனில் வித்தியாசம் 0.71, நூறால் பெருக்க 71. இந்த எண் 60ஐத் தாண்டினால் டூபால் என்ற முத்திரை உண்டு என்பார்கள். 1980களில் டூப்ரே, அலெக்ர், ஹார்ட் ஆகியோர் எடுத்துக்காட்டிய இந்த அடையாளம் இந்து சமுத்திரத்தின் அடியில் பரவலாகத் தெரிகிறது. அங்கே மென்மூடி பசிபிக்கின் மென்மூடியைப்போல் இல்லை என்பதற்கு வலுவான சான்று இது.

ஆனால் முத்திரை கிடைத்துவிட்டது என்று எழுதுமுன் ஒரு சோதனை: ஒரே கரைசலைத் திரும்ப அளந்த புள்ளிகளைக் குறியுங்கள். 204 மிகச் சிறிய அளவில் இருப்பதால் அதன் பிழை எல்லா விகிதத்தையும் ஒன்றாக இழுக்கும். புள்ளிகள் ஒரு சாய்கோட்டில் நீளும். உங்கள் பாறைகளின் வரிசையும் அதே சாய்வில் கிடந்தால், அந்தத் தொகுதியைத் திரும்ப அளக்கச் சொல்லுங்கள்.